புதுக்கோலம் பூண்ட விளையாட்டுப் பெட்டிகள்

தொலைக்காட்சித் திரையோடு இணைத்து ஆடப்படும் விளையாட்டு யந்திரத்தை ஆங்கிலத்தில் கன்ஸோல் என்பர். யாம் அதனை ஈண்டு விளையாட்டுப் பெட்டி என்றே வழங்குவோம். ஒரு பெட்டி கடைக்கு வந்த நாள்முதல் ஏழெட்டு ஆண்டுகள் விலைபோதல் இயல்பு. அவ்வாண்டுகளுக்குள் அதனைச் செய்வோர் ஒருமுறையேனும் அதன் உருவை மாற்றிச் சிறிதாக்கி மீண்டும் விற்பனைக்குக் கொணர்கின்றனர். பெயர் அதுவே, ஆடப்படும் ஆட்டங்களும் அவையே, உடல்மட்டும் வேறு. இவ்வாறு உரு மாறி வரும் பெட்டியை வாங்குதல் தகுமா, பழையதே போதுமா, வாங்கின் எதனை நோக்கி வாங்குவது என்னும் வினா ஆட்டப் பிரியரிடையே ஓயாது எழுவது. அதனைப் பொதுப்பட ஆராய்வதினும் ஓர் உதாரணத்தைக்கொண்டு ஆராய்தல் நலமாம்.

2010-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவில் மாணவர் ஒருவர் 300 டாலருடன் ஒரு கடைக்குள் நுழைகின்றார் எனக் கொள்வோம். அவர் முன் இரண்டு பெட்டிகள் உள. ஒன்று, ஸோனி கம்பெனியார் முந்திய ஆண்டு செப்டம்பரில் மெலிதாக்கி வெளியிட்ட பிளேஸ்டேஷன் 3. மற்றொன்று, மைக்ரோஸாப்ட் கம்பெனியார் அந்த ஜூன் 14-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கண்காட்சியில் அறிவித்துச் சில நாட்களுக்குள் கடைக்கு அனுப்பிய புதிய எக்ஸ்பாக்ஸ் 360. முன்னதன் தட்டு 120 ஜிகாபைட்டுச் செய்தியையும், பின்னது 250 ஜிகாபைட்டையும் கொள்வன. விலை இரண்டிற்கும் ஒன்றே. 300 டாலருக்கு ஒரு சென்டு குறைவு. பக்கத்து அடுக்கில் பழைய எக்ஸ்பாக்ஸ் பெட்டிகள் விலை தாழ்த்தப்பட்டுக் கிடந்தன. எதனை அவர் எடுப்பது?

பெட்டி ஏன் சிறுக்கின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பெட்டியின் உயிர்நிலை அதனுள் இருக்கும் சிப் எனப்படும் சிலிக்கன் துண்டுகளே. வட்டமான சிலிக்கன் தகடு ஒன்றின்மேல் நுண்ணிய மின்வழிகளைப் பதித்துப் பின்னர்த் துண்டுகளாய் அறுத்து அவற்றைச் செய்கின்றனர். மின்வழிகள் எவ்வளவு நுண்ணியனவாகின்றனவோ அவ்வளவிற்குத் துண்டு சிறுத்து, ஒரே தகட்டிலிருந்து மிகுதியான துண்டுகள் கிடைக்கும். அடக்க விலை தாழும். ஒவ்வொரு துண்டும் உண்ணும் மின்சாரமும் உமிழும் வெப்பமும் குறையும். 2005-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் 360-இன் சிப்புகள் 90 நானோமீட்டர் அளவில் அமைந்தவை. 2010-இன் பெட்டியில் அவ்வளவு 45 ஆயிற்று. முன்னர் இரண்டாயிருந்த மூளைச் சிப்பும் படச் சிப்பும் ஒரே துண்டாயின. அதன் பயனாக, முன்பு 203 வாட் தரும் பெரிய மின்கட்டியை நாடியிருந்த யந்திரத்திற்கு 135 வாட் தருவது போதியதாயிற்று. உள்ளிருந்த இரண்டு விசிறிகளுக்கு ஈடாக ஒரே பெரிய விசிறி நின்றது. ஆகவே பெட்டி மெலிந்தது மேசையில் இடம் மிச்சப்படுத்தும் அருளினால் அன்று, செய்கூலி குறைதற்பொருட்டே. ஆயினும் இவ்வொரு விஷயத்தில் விற்பவர் இலாபமும் வாங்குபவர் இலாபமும் ஒரே திசையில் சென்றன என்பதை மறுத்தற்கில்லை. என்னை? வெப்பமே அந்தப் பெட்டிக்கு எமனாய் இருந்தது.

பழைய எக்ஸ்பாக்ஸ் 360-இன் முகப்பில் நான்கு பகுதிகளாய் ஒளிரும் வளையம் ஒன்று உண்டு. அவற்றுள் மூன்று பகுதிகள் செந்நிறமாய் மின்னுமாயின் பெட்டி இறந்தது எனக் கொள்ளவேண்டும். பலருடைய பெட்டிகள் ஓராண்டும் நிரம்பாமல் இக்கதிக்கு ஆளாயின. 2007-ஆம் ஆண்டு ஜூலையில் கம்பெனியார், இந்நோய்கண்ட பெட்டிகளை வாங்கிய நாளிலிருந்து மூன்றாண்டுவரை இலவசமாய்ச் செப்பனிட்டுத் தருவதாய் அறிவித்து, அதற்கென நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. நோயின் காரணத்தைப் பலரும் பலவாறு கூறினர். 2021-இல் அக்கம்பெனியாரே வெளியிட்ட வரலாற்றுப் படத்தில் உண்மை தெளிவாயிற்று: பெட்டியை ஏற்றும்போது சிப் சூடாகி விரிந்தும், அணைக்கும்போது குளிர்ந்து சுருங்கியும் வந்தமையால், அதனுள்ளிருந்த நுண்ணிய பற்றாசு இணைப்புகள் நாளடைவில் வெடித்து அறுந்தன. வெப்பம் மிகுந்தமை மட்டுமன்று, ஏறியிறங்கியமையே கேடு. அக்காலத்தில் இறந்த பெட்டியைத் துவாலையிற் சுற்றிச் சூடேற்றி உயிர்ப்பிக்கும் வீட்டு வைத்தியம் ஒன்று ஆட்டக்காரரிடையே பரவியிருந்தது. சிலசமயம் அது பலித்தது. சில நாட்களிற் பெட்டி மறுபடியும் மாண்டது. காய்ச்சற்காரனுக்குக் கம்பளி போர்த்திய கதைதான்.

2010-இன் புதுப்பெட்டியில் வளையம் உண்டு; அவ்வளையத்திற் செவ்விளக்குகள் இல்லை. நோயை நீக்கினார்களோ நோய்க்குறியை நீக்கினார்களோ என்று அந்நாளில் ஐயுற்றவரை யாம் குறைகூறோம். முன் ஒருமுறை சுட்டுக்கொண்டவர், உரிமைப்பத்திரம் ஓராண்டுக்கே எனக் காணும்போது சில மாதங்கள் பொறுத்துப் பார்ப்பது விவேகமே. பின்னாளில் அப்பழைய நோய் புதுப்பெட்டியில் அவ்வாறு பரவக் காணவில்லை. விலை தாழ்த்தப்பட்ட பழைய பெட்டியை மலிவென்று எடுத்துச் சென்றோர், அதன் மீதியான ஆயுளையும் மலிவாகவே பெற்றனர் எனலாம்.

நிற்க. புதிய சிப் பழையதினும் விரைவாய் இயங்குமோ என்பது அடுத்து எழும் வினா. இயங்காது, இயங்கவும் விடார். இரண்டு துண்டுகள் ஒன்றானபோது அவற்றிற்கிடையே செய்தி செல்லும் தொலைவு மிகவும் குறைந்தது. இயல்பாக விட்டிருந்தால் புதுப்பெட்டி சிறிது முந்தியிருக்கும். அவ்வாறு முந்தாமைப்பொருட்டு, பழைய பெட்டியில் இருந்த அதே தாமதத்தை வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு பகுதியைப் பொறியியலார் அப்புதிய சிப்பினுள் அமைத்தனர். முற்காலத்துப் பெட்டிகளுக்கென எழுதப்பட்ட ஆட்டங்கள் எல்லாம் பிழையின்றி ஓடவேண்டும். பழைய பெட்டியுடையவனும் புதிய பெட்டியுடையவனும் ஒருவரோடொருவர் சமமாய்ப் பொருதவேண்டும். கணிப்பொறிகளுக்கும் இப்பெட்டிகளுக்கும் உள்ள பெரிய பேதம் இதுவே. புது உருவம் ஆட்டத்தின் வன்மையைக் கூட்டாதாதலின், வாங்குவோர் நோக்கவேண்டியது கையிற் பிடிக்கும் கருவி, பிறரோடு இணைக்கும் வழி, பெட்டியினின்றும் நீக்கப்பட்ட பொருள்கள் ஆகிய இவையே.

கன்ட்ரோலர் எனப்படும் கைக்கருவி முதலிற் கம்பியாற் பிணிக்கப்பட்டே இருந்தது. கம்பியை நீக்கும் முற்காலத்து முயற்சிகள் பல கட்புலனாகாத அகச்சிவப்பு ஒளியை நம்பின. கருவிக்கும் பெட்டிக்கும் நடுவே எவரேனும் நடந்தால் ஆட்டம் அறும். 2002-இல் நின்டெண்டோ கம்பெனியார் வெளியிட்ட வேவ்பேர்டு என்னும் கருவி வானொலி அலைகளைக் கையாண்டு இக்குறையைப் போக்கிற்று. ஆயினும் அடிபட்டால் கையில் அதிர்ச்சி தரும் சிறு மோட்டார் அதில் இல்லை. அது மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும். 2006-இன் பிளேஸ்டேஷன் 3-உடன் வந்த கருவியிலும் அதிர்ச்சி இல்லை. அதற்கு வேறொரு காரணமும் பேசப்பட்டது. அதிர்ச்சித் தொழிலுக்குக் காப்புரிமை கொண்டிருந்த இம்மெர்ஷன் என்னும் கம்பெனியோடு ஸோனிக்கு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2007 மார்ச்சில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அதிரும் கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. கையில் உணரப்படும் ஒரு நடுக்கத்திற்குப் பின்னே நீதிமன்றம் நிற்பதை ஆட்டக்காரர் பலர் எண்ணியிரார்.

எக்ஸ்பாக்ஸ் கருவியைப் பற்றிய முறையீடு வேறு. கையில் அமர்ந்திருக்கும் சுகத்தில் அதனை விஞ்சியது அரிது என்பர். ஆனால் மேல், கீழ், இடம், வலம் எனத் திசை காட்டும் சிலுவைப் பொத்தான் தெளிவற்றது. மேலே அழுத்தினால் மூலையில் அழுத்தியதாய்க் கொள்ளும். மற்போர் ஆட்டங்களில் இது தோல்விக்கே வழி. சிலுவைப் பொத்தான் 1982-இல் நின்டெண்டோவின் குன்பே யோகோய் என்பார் கையடக்க ஆட்டத்திற்கெனக் கண்ட எளிய அமைப்பு. இருபதாண்டுக்கு மேல் கழிந்தும் ஒரு பெருங் கம்பெனி அதிற் சறுக்கிற்று. புதுப்பெட்டியோடு வந்த கருவி நிறம் மாறிற்று, சிலுவை மாறவில்லை. 2010-ஆம் ஆண்டு இறுதியில், திருகினால் வட்டினின்றும் மேலெழும் சிலுவையுடைய கருவியொன்றைத் தனியே விற்றனர்.

மின்கலத்திலும் இருவர் கொள்கையும் வேறுபட்டன. ஸோனியின் கருவியினுள் மின்கலம் அடக்கமாயிருக்கும். கம்பி கோத்து ஏற்றிக்கொள்ளலாம். மைக்ரோஸாப்டின் கருவி கடைத்தெருவிற் கிடைக்கும் சிறு மின்கலங்கள் இரண்டை இட்டு ஓடுவது. ஏற்றிக்கொள்ளும் கலம் வேண்டின் தனி விலை. முதற்பார்வைக்கு ஸோனியின் வழியே தாராளமானது. பத்தாண்டு சென்றபின் காண்போர்க்கோ, அடக்கமான கலம் வீரியம் குன்றியிருக்க, மற்றக் கருவி எந்தச் சில்லறைக் கடையிலும் உயிர்பெறக் கூடியதாய் இருக்கின்றது. யாம் பின்னதன் பக்கமே சாய்கின்றோம். ஆயினும் நள்ளிரவில் கலம் தீர்ந்து கடை தேடியவர் எம்மோடு உடன்படார்.

இனி, மிகுதியும் விளம்பரப்படுத்தப்பட்டதும், மிகுதியும் பிழைபடக் கொள்ளப்பட்டதுமாகிய கம்பியில்லா வலைத்தொடர்பிற்கு வருவோம். 2005-இன் எக்ஸ்பாக்ஸ் 360-இல் வைஃபை இல்லை. கம்பி வழியே வலையிற் சேரலாம்; கம்பியின்றிச் சேரவேண்டின் ஏறத்தாழ 100 டாலருக்குத் தனிக்கருவி ஒன்று வாங்கவேண்டும். அந்நாளில் மலிந்த பெட்டியின் விலை 300 டாலர் ஆதலின், அதன் மூன்றிலொரு பங்கைக் கம்பியின்மைக்கே கொடுத்தல் வேண்டும். 2006-இல் 250 டாலருக்கு விற்ற நின்டெண்டோவின் வீ பெட்டியிலும், அவ்வாண்டே வந்த 60 ஜிகாபைட்டுப் பிளேஸ்டேஷனிலும் அது உள்ளேயே அமைந்திருந்தது. ஆகவே 2010-இல் எக்ஸ்பாக்ஸினுள் வைஃபை புகுந்தது கொடையன்று. நெடுநாள் நின்ற ஒரு வரியை நீக்கியதே. புகுந்தது 802.11 என் என்னும் அந்நாளைய புதுவகை. ஸோனியின் மெலிந்த பெட்டியிலோ விநாடிக்கு அதிக அளவாக 54 மெகாபிட்டு என்னும் பழைய ஜி வகையே நின்றது.

புதுவகை பழையதினும் பன்மடங்கு விரைவானது என்று கடைக்காரர் சொல்வர், அது மெய்யே. ஆட்டத்திற்கு அதனால் வரும் பயன் அவ்வளவன்று. புதிய ஆட்டம் ஒன்றைப் பெட்டிக்குள் இறக்கிக்கொள்ளும்போது அகலமான வழி மிகவும் உதவும். ஆனால் தொலைவிலுள்ள ஒருவரோடு ஆடும்போது வலையிற் செல்வன, நான் இங்கே நிற்கின்றேன், இப்பக்கம் திரும்பினேன், இப்பொழுது சுட்டேன் என்னும் சிறு சிறு செய்திகளே. திரைப்படம் ஒன்றைக் காண்பதற்குச் செல்லும் செய்தியில் இவை சிறு பங்கும் ஆகா. இவற்றிற்கு வேண்டுவது அகலமன்று, நேரந்தவறாமை. தபால் வண்டி எத்துணைப் பெரிது என்பது கடிதத்திற்குப் பொருட்டன்று. குறித்த வேளைக்கு வருகின்றதா என்பதே பொருட்டு.

திரையில் விநாடிக்கு 60 படங்கள் மாறும் ஆட்டத்தில் ஒரு படம் நிற்கும் காலம் ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. அதாவது ஏறத்தாழ 17 மில்லிவிநாடி. செய்தி எப்பொழுதும் 40 மில்லிவிநாடி தாமதித்தால் ஆட்டக்காரனது கை அதற்குப் பழகிவிடும். ஆட்டத்தை எழுதியவரும் அதற்கு ஈடுசெய்து வைப்பர். ஒருமுறை 20, மறுமுறை 150 எனத் தாமதம் ஊசலாடினால் எக்கையும் பழகாது. குறிபார்த்துச் சுட்டும் எதிரி வீழாமைக்கும், சுவருக்குப் பின்னே மறைந்த பின்னர் நாம் வீழ்வதற்கும் இவ்வூசலே பெரும்பாலும் காரணம்.

கம்பியில்லா வழியில் இவ்வூசல் ஏன் உண்டாகின்றது? வைஃபை கையாளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒரு பொதுக்கூடம் போல்வது. அங்கே ஒவ்வொரு கருவியும் பேசுமுன் செவிசாய்த்து, வேறெவரும் பேசவில்லை எனக் கண்டபின்னரே பேசல் வேண்டும். இருவர் ஒரே கணத்திற் பேசிவிட்டால் இருவர் பேச்சும் கெடும். பின்னர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியவாறு சிறிது பொறுத்து மீண்டும் பேசுவர். கூடத்தில் ஆள் சேரச்சேரக் காத்திருத்தல் மிகும். ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அக்கூடத்தில் மூன்றே. ஒன்று, ஆறு, பதினொன்று என்னும் எண்ணுடையவை. நூறு மாணவர் வாழும் விடுதியில் அறைக்கொரு கருவி பேசுமாயின் நிலைமை யாதாகும் என்பது சொல்லாமே விளங்கும். மேலும், கம்பியில்லாக் கைக்கருவிகளும் புளூடூத் கருவிகளும் நடமாடுவது இவ்வரிசையிலேயே. மைக்ரோவேவ் அடுப்பு அலை வீசுவதும் இங்கேயே. புளூடூத் கருவி இந்நெருக்கடியிற் பிழைப்பதற்கு ஓர் உபாயம் கொண்டுள்ளது: 79 சிறு தடங்களிடையே விநாடிக்கு 1,600 முறை தாவித்தாவிச் செல்வது. கைக்கருவி சொல்லவேண்டிய செய்தி சிறிதாதலாலும், பெட்டி சில அடி தூரத்திலேயே இருப்பதாலும், அது பெரும்பாலும் தவறுவதில்லை. சுவர்களைக் கடந்து வரும் வைஃபைக்கு அச்சௌகரியம் இல்லை.

இக்காரணத்தால், 2010-இன் இரு பெட்டிகளிலும் பின்புறத்தே கம்பி கோக்கும் துளை நிலைத்திருந்ததை யாம் உள்ளே புகுந்த வைஃபையினும் உயர்வாக மதிக்கின்றோம். சில டாலர் விலையுள்ள கம்பி, கூடத்து நெருக்கடியினின்றும் ஆட்டக்காரனை விடுவிக்கும். வைஃபையே கதி என்பார்க்கு நன்மை 5 ஜிகாஹெர்ட்ஸ் வரிசையிலே உண்டு. அங்கே தடங்கள் மிகுதி, கூட்டம் குறைவு. சுவரைத் துளைக்கும் வன்மைமட்டும் சிறிது தாழ்வு. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இல் இவ்வரிசை இல்லை. 2016-இன் மெலிந்த உருவில் அதனைச் சேர்த்தனர். உருமாற்றத்தால் ஆட்டமே செம்மையுற்ற அரிய உதாரணங்களில் இஃதொன்று. அப்பெட்டியினின்றே ஒளி வழியே ஒலியைச் செலுத்தும் துளையை நீக்கினர் என்பதையும் கூறுதல் வேண்டும்.

நீக்கத்தைப் பற்றிய பேச்சு வந்தமையால், 2010-இன் மாணவருக்கு மிகவும் முக்கியமான செய்திக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 3 முதலில் வந்தபோது, வேண்டுவோர் அதில் லினக்ஸ் என்னும் கணிப்பொறி ஆட்சிமுறையை ஏற்றிக்கொள்ள வசதி இருந்தது. ஆட்டப்பெட்டியே படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் உதவும் கணிப்பொறியாயிற்று. அமெரிக்க ஆகாயப் படையார் ஏறத்தாழ 1,700 பெட்டிகளை ஒன்றுசேர்த்து 2010-இல் ஒரு பெருங்கணிப்பொறியே அமைத்தனர். 2009-இன் மெலிந்த பெட்டியில் இவ்வசதி இல்லை. இதில் குறைசொல்ல இடமில்லை. இல்லை என அறிந்தே வாங்கினர். ஆனால் 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி, காவற் காரணம் காட்டி, முன்னரே விற்றுவிட்ட பழைய பெட்டிகளினின்றும் இவ்வசதியை ஸோனியார் நீக்கினர். அதற்கு அவர் கையாண்ட வழி அந்த வலைத்தொடர்பே. 3.21 என்னும் எண்ணுடைய புதுப்பிப்பை ஏற்றுக்கொண்டால் லினக்ஸ் போகும். மறுத்தால் வலையில் ஆடும் உரிமை போகும். விலைகொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருக்கும் பொருளினின்று, விற்றவர் எங்கோ இருந்துகொண்டு ஓர் உறுப்பை அறுத்துச் செல்லுதல் இயலும் என்பதைப் பலர் அன்றே முதன்முறையாக அறிந்தனர். வாங்கியவர்கள் அமெரிக்க நீதிமன்றம் சென்றனர். வழக்கு பல்லாண்டு இழுபட்டுச் சிறு தொகைக்கு உடன்பாடாயிற்று. கம்பியில்லா வலை பெட்டியை உலகத்தோடு இணைக்கின்றது என்பர். செய்தவர் கையோடும் இணைக்கின்றது என்பதைச் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இன்னுமொரு கணக்குண்டு. அந்நாளில் பிளேஸ்டேஷன் 3-இல் வலைவழி ஆடுதற்குக் கட்டணம் இல்லை. எக்ஸ்பாக்ஸில் ஆண்டுக்கு 50 டாலர் சந்தா. அவ்வாண்டு நவம்பரில் அது 60 ஆயிற்று. ஐந்தாண்டு ஆடுவோன் பெட்டியின் விலைக்கு நிகரான தொகையைச் சந்தாவாகவே கட்டுவான். ஒரே விலைச்சீட்டு ஒட்டிய இரு பெட்டிகள் ஒரே விலையன அல்ல என்பது இதனாற் போதரும். எனினும் நண்பரெல்லாம் எக்ஸ்பாக்ஸில் ஆடுவாராயின் சந்தாவின்றித் தனியே ஆடுவதில் யாது சுவை? அம்மாணவருக்கு விடை அவருடைய தோழர்களிடமே இருந்தது. தோழரில்லாதாரை ஸோனியின் பெட்டியை எடுக்கும்படியும், மீந்த பணத்தில் ஒரு கம்பி வாங்கும்படியும் யாம் சொல்லியிருப்போம்.

பிற்காலத்து உருமாற்றங்களுள் ஒன்றிரண்டைச் சுட்டுவோம். 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச், 2019-இல் வெளித்தோற்றம் சிறிதும் மாறாமலே மாறிற்று. உள்ளிருந்த சிப் மட்டும் நுண்ணியதாக, மின்கலம் நிற்கும் நேரம் இரண்டரை முதல் ஆறரை மணி என்றிருந்தது நாலரை முதல் ஒன்பது மணி என உயர்ந்தது. விலை அதுவே. அடைத்துவரும் அட்டைப்பெட்டியின் செந்நிறத்தையும் எண்ணையும் கொண்டே இரண்டையும் பிரித்தறிய வேண்டியிருந்தது. அதே ஸ்விட்சின் கைக்கருவிகளில் ஒருவரும் தொடாமலே சிறுதண்டு ஒரு பக்கமாய் நகர்வதாகக் காட்டும் நோய் பரவி, 2020 ஜூனில் கம்பெனித் தலைவர் பங்குதாரர் முன் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. தண்டின் அடியில் உலோக நுனி ஒன்று கரிப்பூச்சின்மேல் உரைந்து திசையை அறியும் அமைப்பே பெரும்பாலான கருவிகளில் உளது. உரையும் பொருள் தேயும். உரையாமல் காந்தத்தால் அறியும் அமைப்பு 1998-இல் வந்த ஸேகா ட்ரீம்காஸ்ட் பெட்டியின் கருவியிலேயே இருந்தது.

கடைசியாக ஒரு சிறு பெட்டி. 2012 டிசம்பரில் நின்டெண்டோ கம்பெனியார் வீ மினி என ஒன்றைக் கனடா தேசத்தில் 100 டாலருக்கு விற்கலாயினர். மூத்த பெட்டியில் இருந்த வைஃபையை அதில் அடியோடு எடுத்துவிட்டனர். கம்பி வழியும் இல்லை. வலையில்லாப் பெட்டி ஓர் ஊனம் என்று அதனை இகழ்ந்தோர் பலர். 2014 மே 20-ஆம் தேதி வீ பெட்டிகளுக்கு வலைவழி ஆட்டம் நடத்திவந்த நிலையத்தைக் கம்பெனியார் மூடினர். அன்றுமுதல் பிறரோடு வலையில் ஆடும் விஷயத்தில் மூத்ததும் இளையதும் ஒத்தனவாயின. இளையதை வாங்கியவர் ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் நடுவில் நிற்கவில்லை.